விருமாண்டி தலைக்குக் கீழே

முத்துச்செல்வியைப் பற்றி செல்லூரில் யாரைக் கேட்டாலும், "நல்ல பிள்ளை, இருக்கிற இடம் தெரியாது" என்பார்கள். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருக்கிற இடம் தெரியாமல் இருப்பதற்கா ஒருத்தி முகத்தில் சாயம் பூசிக்கொண்டு மேடை ஏறுகிறாள்?

நான் ஃபாயிஸா. விசைத்தறிச் சந்து ஒன்றில், வீட்டு வாசலறையில் தையல் மிஷின் போட்டிருக்கிறேன். சுடிதார், ஜாக்கெட் என்று வருவதையெல்லாம் தைத்தாலும், என் அடுப்பு எரிவது ஆடல் பாடல் குழுக்களின் உடுப்பால்தான். பங்குனி பிறந்துவிட்டால் உசிலம்பட்டிப் பக்கமும் மேலூர்ப் பக்கமும் ஊருக்கு ஊர் கோயில் திருவிழா. திருவிழா என்றால் மேடை, மேடை என்றால் சினிமாப் பாட்டு, பாட்டு என்றால் ஜிகினா. அதை ஒட்டி ஒட்டி என் நகக்கண்ணில் எப்போதும் ஏதாவது மின்னிக்கொண்டே இருக்கும். தொழுகைக்கு ஒளுச் செய்யும்போது தேய்த்துக் கழுவினாலும் போவதில்லை.

முத்துச்செல்வி கீழக்குயில்குடிக்காரி. சமணர் மலைக்குக் கீழே வெள்ளாமை பார்க்கிற மொக்கையனின் மகள். ஆடு மேய்க்கிற பையன்கள் சுற்றிக்கொண்டு போகிற பாறை இடுக்கை இவள் ஒரே தாவில் தாண்டிவிடுவாளாம். "பொட்டப்பிள்ள தரையில நடக்க மாட்டியா?" என்று அவள் அம்மா விளக்குமாற்றோடு நிற்பாளாம். பள்ளிக்கூடத்தில் உயரம் தாண்டுவதில் அவளை அடிக்க ஆள் இல்லை. திருச்சியில் நடந்த பெரிய போட்டிக்கு டீச்சர் பெயர் கொடுத்திருந்தார். போட்டி வந்த வாரம் பார்த்து ஊரில் காப்புக் கட்டிவிட்டார்கள். காப்புக் கட்டினால் திருவிழா முடிகிறவரை ஊர்க்காரர் யாரும் வெளியூரில் இராத்தங்கக் கூடாது. மொக்கையன் ஊர்க்கட்டை மீறுகிற ஆளில்லை. சாமி கண்ணைக் குத்துகிறதோ இல்லையோ, பங்காளி குத்திக்காட்டுவான். பிள்ளை திருச்சிக்குப் போகவில்லை.

அதே திருவிழாவுக்குத்தான் விருமாண்டியின் குழு ஆட வந்தது.

பேர்தான் விருமாண்டி. என் வாசல் நிலையில் தலை இடிக்காமல் நிமிர்ந்தபடி நுழைகிற ஒரே ஆம்பளை அவன். ஆனால் ஆட்டத்தில் சூரன். அதை மறைத்துப் பேசினால் என் நாக்கு அழுகிவிடும். மேடையில் ஏறினால் பம்பரம்தான், கூட்டம் பீடியைப் பற்றவைக்கக்கூட மறந்துபோகும். திருச்சிக்குப் போக முடியாமல் அழுத கண்ணோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு அது போதாதா? பிளஸ் டூ முடித்த கையோடு வீட்டை எதிர்த்து அவனைக் கட்டிக்கொண்டு செல்லூருக்கு வந்தாள். வந்த மாதமே குழுவில் ஆடவும் ஆரம்பித்துவிட்டாள்.

அந்தக் குழுவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. விருமாண்டி நடுவில் முன்னால் நிற்பான், மற்றவர்கள் அவனுக்குப் பின்னால் வரிசை. பாட்டில் எல்லோரும் சேர்ந்து குதிக்கிற இடம் வந்தால், யார் தலையும் அவன் தலைக்கு மேலே தெரியக் கூடாது. "கூட்டம் எங்கிட்டுப் பாக்கணும்னு நாமதான் காட்டணும். ஆளாளுக்கு எம்புனா தேரு எது, வடம் எதுன்னு தெரியாமப் போயிரும்" என்பான். பேச்சுக்குக் குறைச்சலே இல்லை. எவளாவது எம்பிவிட்டால் மேடையில் சிரித்துக்கொண்டேதான் இருப்பான். அடுத்த ஊரில் அவளுக்கு ஆட்டம் கிடையாது, உடுப்பு மூட்டைக்குக் காவல். அதனால் அங்கே சேருகிற பிள்ளைகள் பாட்டைப் படிப்பதற்கு முன்னால் அவன் பிடரியைப் படித்துக்கொள்வார்கள். பிடரி எழும்பினால் எழும்ப வேண்டும், அது நிற்கிற இடத்துக்குக் கீழேயே நின்று, அதோடு இறங்க வேண்டும்.

முத்துச்செல்வி அவனைவிட நாலு விரல் உயரம். பாறை தாண்டின கால் வேறு. வந்த புதிதில் அவளும் மூட்டைக்குக் காவல் இருந்தவள்தான், கட்டின பெண்டாட்டி என்றெல்லாம் அவன் பார்க்கவில்லை. போகப் போக, அவளைப்போல வரிசை காக்கிற ஆள் மதுரை வட்டாரத்திலேயே இல்லை என்று பெயர் வாங்கிவிட்டாள். இதை ஒரு பெருமையாக என்னிடம் வந்து சொன்னபோது, இடுப்பு அளவு எடுத்துக்கொண்டிருந்தவள் டேப்பை ஒரு இறுக்கு இறுக்கினேன். "யக்கா, வலிக்குது" என்றாள். வலிக்கட்டும் என்றுதான் இறுக்கினேன்.

பிறகு பாண்டிமீனா பிறந்தாள். வயிற்றைக் கிழித்து எடுத்த பிள்ளை. ஆறு மாதத்துக்குள் முத்துச்செல்வி மேடையேற வேண்டியதாகிவிட்டது. எம்பினால் கால் தரையை விட்டு வர மறுத்தது. வரிசையில் கடைசிக்குப் போனாள். பிள்ளை வேனிலேயே வளர்ந்தது. உடுப்பு மூட்டைகளுக்கு நடுவில், வேன் ஓடினால் தூங்கும், நின்றால் முழித்துக்கொண்டு கத்தும். வீட்டில் பாயில் போட்டால் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு ஃபேனைப் பார்த்தபடி கிடக்கும். ஒருநாள் என்னிடமே, "பெரிம்மா, வீடு ஏன் ஓட மாட்டேங்குது?" என்று கேட்டது. நான் சிரித்தேன். முத்துச்செல்வி சிரிக்கவில்லை. வருகிற ஜூனில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டிய பிள்ளை. இராத்திரி முழுக்க ஊர் ஊராக வேனில் உருண்டுவிட்டு, காலையில் எந்தக் கண்ணோடு போய் அ, ஆ படிக்கும்? இராத்திரி வீட்டில் இருக்கிற மாதிரி ஒரு வேலை வேண்டும், அதைத் தவிர அவளுக்கு அப்போது வேறு ஆசையே இல்லை.

அப்படி ஒரு வேலை என் வாசல் வழியாகத்தான் வந்தது. சுற்றுச்சாலையில் புதிதாக ஒரு பொழுதுபோக்குப் பூங்கா திறக்கப் போவதாகச் சொல்லி, ஆட்டக்காரர்களுக்கு மாதிரி உடுப்பு தைக்க என்னிடம் வந்தார்கள். பகல் காட்சி மட்டும். மாதச் சம்பளம், பி.எஃப். உண்டு. சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம். நீரூற்றுக்கு நடுவில் துள்ளிக் குதித்து ஆடுகிற ஆட்டமாம், அதனால் நன்றாக எம்புகிறவர்கள்தான் வேண்டுமாம். பெயர் கொடுத்தவர்களுக்குக் கோச்சடையில் ஒரு பிசியோதெரபி நிலையத்தில் சில வாரம் பயிற்சி கொடுத்து, குதிக்கிற உயரத்தை முதலிலும் முடிவிலும் அளந்து, அதை வைத்து ஆள் எடுப்பார்கள் என்றார்கள்.

அன்றைக்கே முத்துச்செல்வியிடம் சொன்னேன். விருமாண்டி ஒத்துக்கொண்டான். அவனுக்கும் இராத்திரிப் பயணம் கசந்துபோயிருந்தது, போலீஸ் அனுமதி கிடைக்காமல் பாதி நிகழ்ச்சி கைவிட்டுப் போகிற காலம். "நானும் பேரு குடுக்கேன். ரெண்டு பேருக்கும் கெடைச்சா நல்லதுதான. ஆனா தனியா விட மாட்டேன், நீங்க தொணைக்குப் போங்கக்கா" என்றான். தைக்கிற வேலையை ஓரமாக வைத்துவிட்டுத் துணைக்குப் போனேன்.

அந்த நிலையத்தில் எடை பார்க்கிற மிஷினைப் பெரிதாக்கி, முன்னால் ஒரு கைப்பிடியை நட்டு வைத்ததுபோல ஒன்று இருந்தது. தட்டின் மேல் ஏறி முழங்காலைப் பாதி மடக்கி நிற்க வேண்டும். பொத்தானை அழுத்தினால் தட்டு கிடுகிடுவென்று அதிரும். பயிற்சி கொடுக்கிற அஸ்வினி நல்ல பெண், பெரிய படிப்புப் படித்த பவிசு இல்லாமல் விளக்கினாள்.

"தட்டு அதிர்றப்ப நாம சொல்லாமலே கால் தசை இறுக்கி இறுக்கி விடும்க்கா. அது பழகுனா எம்புறப்ப நல்ல வேகம் கெடைக்கும். எல்லாருக்கும் ஒரே மாதிரி பலன் வரும்னு சொல்ல முடியாது. செல பேருக்கு நல்லா ஏறும், செல பேருக்கு ஒண்ணுமே இருக்காது."

முத்துச்செல்வி ஏறி நின்றதும், "யக்கா, பல்லெல்லாம் ஆடுது" என்று சிரித்தாள். இறங்கி, தொடையைப் பரபரவென்று சொறிந்தாள், உள்ளே எறும்பு ஊருகிறதாம். "எங்க சந்துல தறி ஓடுறப்ப செவுத்துல சாஞ்சா இதே ஆட்டந்தான். இதுக்கு எதுக்குமா ஏசி?" என்று கேட்டேன். "அங்க அதிர்றது வீடுக்கா, இங்க அளந்து அதிர விடுறோம்" என்றாள் அஸ்வினி.

விருமாண்டியும் முதல்நாள் ஏறினான், இறங்கினான். "இருவது வருசமா மேடைய நான் ஆட்டிக்கிட்டு இருக்கேன். என்னைய ஒரு தகரம் ஆட்டுறதா?" என்று சொல்லிவிட்டுக் கீழே டீக்கடைக்குப் போனவன்தான். அதன் பிறகு எங்களை இறக்கிவிடவும் ஏற்றிக்கொள்ளவும் வந்தானே தவிர, மாடிப்படி ஏறவே இல்லை.

முத்துச்செல்வி ஒருநாள்கூட விடவில்லை. பிள்ளையை என் மடியில் விட்டுவிட்டு ஏறி நிற்பாள். அதிர்ந்து முடித்து, கறுப்பாக ஒரு பாய், அதன் மேல் குதிப்பாள். பாயிலிருந்து கம்ப்யூட்டருக்கு வயர் போகும். கால் தரையை விட்டு எவ்வளவு நேரம் மேலே இருந்தது என்று பார்த்து உயரத்தைச் சொல்லிவிடும். முதல் அளவில் சுமாராகத்தான் இருந்தாள். பிறகு வாரத்துக்கு வாரம் ஏறியது. ஒருநாள் அஸ்வினி திரையைப் பார்த்துவிட்டுப் பக்கத்து அறையில் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டாள். "இன்னொரு தடவ குதிங்கக்கா, இவங்க நம்ப மாட்டாங்க" என்றாள். குதித்தாள். பாண்டிமீனா கைதட்டியது. முத்துச்செல்வி வாய்விட்டுச் சிரித்தாள். இத்தனை வருடப் பழக்கத்தில் அவள் பல் முழுவதும் தெரிந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு நெஞ்சு விம்மிவிட்டது, பெற்றவள் கெட்டாள் போங்கள்.

"வீட்டுக்காரர்ட்ட சொன்னியா?"

"வேணாங்க்கா. கடைசி அளவு எடுக்கிற அன்னைக்கே பாத்துக்கிரட்டும். சந்தோசப்படுவாருல்ல" என்றாள்.

கடைசி அளவு எடுக்கிற நாள் வந்தது. பூங்காவிலிருந்து சூரியபிரகாஷ் என்று ஒருவர் வந்திருந்தார். கையில் ஃபோனும் கண்ணில் அவசரமும். பெயர் கொடுத்த ஆட்டக்காரர்கள் எல்லோரும் சுவரோரம் நின்றார்கள். விருமாண்டியின் குழுப் பிள்ளைகளும் இருந்தார்கள். விருமாண்டி அன்றைக்குப் புது ஷூ போட்டுத் தலைக்கு ஜெல் தடவி வந்திருந்தான். நேரமில்லை என்று சொல்லி, பெரிய கண்ணாடிச் சுவருக்கு எதிரே இரண்டு பாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். பாட்டைப் போட்டு ஜோடி ஜோடியாகக் குதிக்கவிட்டார்கள்.

"ஹஸ்பெண்ட் வொய்ஃபா? அப்ப நீங்க ரெண்டு பேரும் சேந்தே குதிங்க, வீடியோவுக்கு நல்லாருக்கும்" என்றார் சூரியபிரகாஷ்.

சேர்ந்து வேண்டாமே என்று எனக்குப் பட்டது. எழுந்து ஏதாவது சொல்லலாமென்றால் மடியில் பிள்ளை. அதற்குள் பாட்டு தொடங்கிவிட்டது. இருவரும் கண்ணாடியைப் பார்த்து நின்றார்கள். விருமாண்டி தோளைக் குலுக்கிக்கொண்டு எம்பினான். அவளும் எம்பினாள். கண்ணாடியில் பார்க்கிறேன், அவன் தலை எழும்புகிறது, அவள் தலை அதோடு எழும்புகிறது, அவன் நிற்கிற இடத்தில் நிற்கிறது, அவனோடு இறங்குகிறது. நாலு விரல் கூடுதல் உயரத்துக்குக்கூட அவள் கால் கணக்குப் பார்த்து அடங்கிவிட்டது. இரண்டு பாயிலும் ஒரே சத்தம்.

அஸ்வினி திரையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். முதல்நாள் ஒன்றுமே பழகாமல் குதித்ததைவிடக் கம்மி.

முத்துச்செல்வி முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. தூக்கத்தில் நடந்து எங்கேயோ போய் நின்றவளைத் தட்டி எழுப்பினால் முழிப்பாளே, அப்படி முழித்தாள்.

"இவங்களுக்கு அந்த மிஷின் ஒத்துக்கலை போலயே" என்று சூரியபிரகாஷ் அடுத்த ஜோடியைக் கையால் கூப்பிட்டார்.

"சார், ஒரு நிமிசம். இவங்க தனியாக் குதிச்சா இதவிட ரொம்ப மேல போவாங்க, நானே பாத்திருக்கேன். ஒரே ஒரு தடவ தனியா விடுங்க சார்" என்றாள் அஸ்வினி. அந்த மனுஷர் பாவம், மறுக்கவில்லை. "சரி. அண்ணே, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார்.

விருமாண்டி தள்ளிப்போய்ச் சுவரோரம் நின்றான். அவன் குழுப் பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தெரியாதா, தனியா என்றால் என்ன அர்த்தம் என்று? தலைவனை ஓரமாக நிறுத்திவிட்டு அவன் பெண்டாட்டி எம்பப் போகிறாள். அவன் அளவு திரையில் அப்படியே எரிந்துகொண்டிருந்தது.

முத்துச்செல்வி பாயில் நின்றுகொண்டு அவனைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு தலையசைப்பு போதும். "குதிடி" என்று ஒரு வார்த்தை, அதற்குக் காசா பணமா? அவன் குனிந்து பையின் ஜிப்பை இழுத்து மூடினான். "சீக்கிரம். செக்கானூரணில ப்ரோகிராம் இருக்கு" என்றான்.

குதித்தாள். கம்ப்யூட்டர் உயரத்தைச் சொன்னது. பக்கத்துப் பாயில் ஆளே இல்லை, ஆனாலும் விருமாண்டி குதித்த உயரத்தைவிட ஒரு மயிரிழைகூடக் கூடவில்லை, குறையவில்லை.

அஸ்வினி வெளியே போய்விட்டாள். அழுதிருப்பாள் என்று நினைக்கிறேன். கம்ப்யூட்டரில் முத்துச்செல்வியின் பேருக்கு நேரே, அதிர்வுப் பயிற்சியால் பலன் இல்லை என்று போட்டு முடித்தார்கள். இனி எந்த ஊரில் எவர் அதைப் பார்த்தாலும், இந்தப் பெண்ணுக்கு மிஷின் வேலை செய்யவில்லை என்றுதான் நினைப்பார்கள்.

மாடிப்படியில் நான் விருமாண்டியைப் பிடித்துக்கொண்டேன். "ஒரு வார்த்த சொன்னா ஒன் வாயி வெந்தா போயிரும்?"

"எந்த வார்த்தக்கா? எல்லாருக்கும் அது ஏறாதுன்னு அந்தப் பிள்ளையே மொதல்ல சொல்லுச்சுல்ல. எனக்குந்தான் கெடைக்கல, நான் என்ன அழுதுகிட்டா இருக்கேன்?" என்றான். ஆட்டோவில் ஏறினதும் அவளிடம், "விடு. நமக்கு மேடைதான். அங்க போயி தண்ணிக்குள்ள நின்னு ஆடிக் காய்ச்சல்ல படுக்கவா?" என்று பெரிய மனசோடு ஆறுதல் வேறு சொன்னான். அவன் குரலில் இருந்தது வருத்தமில்லை, நிம்மதி. எனக்கு ஆட்டோவிலிருந்து அவனைத் தள்ளிவிடலாம் போல இருந்தது. ஊரெல்லாம் கெட்டவன் என்று சொல்கிற புருஷனாக இருந்தால்கூடத் தேவலை. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், பிள்ளைக்குத் தோசை ஊட்டுவான். இப்படிப்பட்டவனை என்ன சொல்லித் திட்டுவது?

பூங்கா திறந்தாயிற்று. எடுத்தவர்களுக்கு உடுப்பு நான்தான் தைத்தேன். நீலத் துணி, வெள்ளி ஓரம். ஒருத்தி அளவு கொடுக்கும்போது, "டான்ஸ் ஸ்டூடியோல ரெண்டு வருசம் கத்துக்கிட்டேன் ஆன்ட்டி" என்றாள். நல்ல பெண்தான், அவள்மேல் எனக்கென்ன கோபம்? முத்துச்செல்வி எம்புகிறதில் பாதிகூட எம்பமாட்டாள், அவ்வளவுதான். ஜூனில் பாண்டிமீனாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றான் விருமாண்டி. முத்துச்செல்வி வரிசையில் கடைசியிலிருந்து மறுபடி அவனுக்கு நேர் பின்னால் வந்துவிட்டாள். கால் தேறிவிட்டதாம்.

போன வாரம் ஜாக்கெட் வாங்க வந்தாள். கொக்கி தைத்து முடிகிறவரை உட்காரச் சொன்னேன். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததை அன்றைக்குக் கேட்டுவிட்டேன்.

"ஏன்டி குதிக்கல?"

சுற்றுமுற்றும் பார்த்தாள். வெளியே பிள்ளை விளையாடிக்கொண்டிருந்தது.

"மொதத் தடவ எனக்கே தெரியாதுக்கா. கண்ணாடியில அவரு தல நின்னுச்சு, எங்காலும் நின்னுருச்சு. எறங்குன பெறகுதான் தெரிஞ்சுச்சு. நெனச்சாப் பயமா இருக்கு."

"சரி. ரெண்டாந் தடவ?"

கத்தரித்துப் போட்ட துணித் துண்டு ஒன்றை எடுத்து விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"ரெண்டாந் தடவ நாந்தேன் நிறுத்துனேன். எம்புட்டு மேல போவேன்னு எனக்குத் தெரியும்க்கா. ஜிப்ப இழுத்தாருல்ல, அப்ப அவரு கைய பாத்தேன். மூடுன ஜிப்பையே மறுபடி இழுத்துச்சு. அவருக்கும் தெரிஞ்சிருச்சு, எம்புட்டு மேல போவேன்னு. குதிச்சிருந்தா வேல கெடச்சிருக்கும். ஆனா அப்பறம் அந்த மனுசங்கூட ஒரே வீட்ல நான் எப்பிடிக்கா நிமிந்து நடப்பேன்? ஆயுசுக்கும் குனிஞ்சுல்ல நடக்கணும்."

கடைசிக் கொக்கியைத் தைத்து நூலைக் கடித்தேன். ஜாக்கெட்டை மடித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டு போனாள். அன்றைக்கு அவர்களுக்கு அலங்காநல்லூர்ப் பக்கம் நிகழ்ச்சி.